ஜெயிலில் ஃபேனும் கோழிக்கறியும் கொடுக்கலாமா? காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

ஆத்தங்குடிப் பட்டறை
செவ்வாய், காலை 6.50

வணக்கம். நேற்று ஐந்து விளக்குப் பக்கம் டீக்கடையில் இதுதான் பேச்சு. சிறைச் சாப்பாட்டுப் பட்டியலை 2023-ல் மாற்றினார்களே, அந்தப் பழைய செய்தியை யாரோ மறுபடி வாட்ஸாப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க நாம் கணக்குப் பார்க்கிறோம், கொலைகாரனுக்கு அரசாங்கம் சிக்கன் போடுகிறது" என்று ஒருவர் சொன்னார். கடையில் இருந்த பத்துப் பேரும் ஆமாம் என்றார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் என்றால் நானும் சொல்லியிருப்பேன்.

எங்களுடையது ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட கல், போடும் பட்டறை. என்னிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்த தம்பி ஒருவன். கண்ணாடி மேல் அச்சை வைத்து வர்ணம் ஊற்றினால் ஒரு பூ கூடக் கலங்காது, அப்படிக் கை. பக்கத்து ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில் பித்தளைச் சாமான், மரப்பாச்சி, ரவி வர்மா படம் எல்லாம் களவு போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டு வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) கல் மாற்றியவன் இவன். கூட்டிக்கொண்டு போனார்கள், ரிமாண்ட் ஆகிவிட்டது.

ஜாமீன் பதினைந்தாவது நாளே கிடைத்தது. ஆனால் வெளியே வந்தது ஐம்பத்திரண்டாவது நாள். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், இருவரும் வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும். அவன் சொந்தக்காரர்கள் எல்லாரும் புறம்போக்கில் குடியிருப்பவர்கள், ரசீதுக்கு எங்கே போவார்கள்? என்னிடம் ரசீது இருந்தது. களவு போன வீட்டுக்காரர் எனக்கு வாடிக்கை என்பதால் கையெழுத்துப் போடத் தயங்கினேன். கிட்டத்தட்ட நாலு வாரம் தயங்கினேன். இன்றைக்கும் அவன் அம்மா என்னை "முதலாளி" என்று கூப்பிடும்போது நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

வெளியே வந்தபோது விரல் இடுக்கெல்லாம் சொறி. ஒருவர் மேல் ஒருவர் கால் படும்படி படுத்திருக்கிறார்கள், ஒருவருக்கு இருந்தது எல்லாருக்கும் வந்திருக்கிறது. சிமெண்டுத் தண்ணீரில் கை வைத்தால் அலறிவிடுவான். இரண்டு மாதம் அச்சைத் தொடவில்லை. அப்புறம் உண்மையான திருடர்கள் வேறொரு வழக்கில் மாட்டி, இவன் பெயரை எடுத்துவிட்டார்கள். அவனுக்கு அங்கே கட்டிலும் டிவியும் வேண்டாம், இரண்டு முழம் இடம் கிடைத்திருந்தால் போதும். அதையும் "சொகுசு" என்று சொல்வீர்களா? கேட்கத்தான் இந்த இழை.

கோட்டையூர்க்காரன்
காலை 7.25

அண்ணே, உங்கள் பையன் கதை வருத்தம்தான். ஆனால் ஒரு நிரபராதியைக் காட்டி நூறு குற்றவாளிக்குச் சலுகை கேட்கக் கூடாது. கஷ்டப்பட்டால்தானே அது ஜெயில்? எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா வீட்டில் ஃபேன் இல்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறவருக்கு இல்லாததை, மீறியவனுக்கு எப்படிக் கொடுப்பீர்கள்? இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதே இல்லை.

தேவகோட்டை வக்கீல்
காலை 9.10

கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

"ஒரு நிரபராதி, நூறு குற்றவாளி" என்ற கணக்கைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302. நாலில் மூன்று பேர் மேல் இன்னும் எந்தக் குற்றமும் நிரூபணமாகவில்லை. எல்லாரும் நிரபராதி என்று நான் சொல்லவில்லை, என் கட்சிக்காரர்களை எனக்குத் தெரியும். ஆனால் தண்டனை என்று நீங்கள் நினைக்கும் கஷ்டத்தைத் தீர்ப்புக்கு முன்னாலேயே அனுபவிப்பவர்கள்தான் உள்ளே அதிகம். அதே கணக்கில் நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். உத்தரப் பிரதேசம், தில்லி எல்லாம் இதைவிட மோசம்.

ஆத்தங்குடி அண்ணன் சொன்ன ரசீதுச் சிக்கல் தினமும் நடப்பது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு அந்த வருஷமே மத்திய அரசு ஒரு திட்டமும் கொண்டுவந்தது. தெரிந்தவர்கள் குறைவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 479-ஆவது பிரிவில், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். தூக்கு, ஆயுள் வரும் குற்றங்களுக்கு இது பொருந்தாது, வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது.

கண்டனூர் பேத்தி
காலை 11.40

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆயா தனியாக இருந்தார்கள். நம் பக்கம் தெரியும்தானே, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு, அதில் ஒரே ஒரு மனுஷி. பிள்ளைகள் சென்னையில், பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில். ராத்திரி பின்கட்டு வழியாக மூன்று பேர் வந்தார்கள். தோட்டைக் கழற்றிக் கொடுக்கிறேன் என்று ஆயா சொல்லியிருக்கிறார்கள். திருகாணி இறுகிப்போயிருந்தது, கழலவில்லை. இழுத்தார்கள். காது இரண்டும் கிழிந்து, விடிய விடிய இரண்டாம் கட்டுத் தூணில் கட்டிக் கிடந்தார்கள். காலையில் பால்காரர் வந்துதான் பார்த்தார்.

ஆயா அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார்கள். ஒரு நாளும் தனியாகத் தூங்கவில்லை. அடையாளம் காட்டப் போனார்கள், சாட்சிக்குப் போனார்கள், வாய்தா வாய்தா என்று திருப்பி அனுப்பினார்கள். கோர்ட் வராந்தாவில் உட்கார ஒரு நாற்காலி இல்லை, எண்பது வயதில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதே நாளில் அந்த மூன்று பேரை வேனில் அழைத்து வந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் அவர்களுக்குப் பொட்டலம் பிரித்துக் கொடுத்தார்கள். ஆயாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆள் இல்லை.

எனக்கு அவர்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஆனால் அவர்கள் சாப்பாட்டுக்குப் பட்டியல் இருக்கிறது, கிராம் கணக்கு இருக்கிறது, கேட்க நீதிமன்றம் இருக்கிறது. எங்களுக்கு என்ன இருந்தது? "கைதியின் உரிமை" என்று யார் பேசினாலும் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் தெரிகிறது.

ஆத்தங்குடிப் பட்டறை
பகல் 12.15

கண்டனூர் ஆச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். என் கேள்வி உங்கள் மனசைக் கிளறியிருந்தால் மன்னியுங்கள். அந்த மூன்று பேருக்காக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

புதுவயல்
பகல் 1.05

ஆச்சி சொன்னதற்கு மேல் எதுவும் இல்லை. பேத்தி பக்கம்தான் நான்.

பழைய காக்கி
பிற்பகல் 3.30

இருபத்தேழு வருஷம் சிறைத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தெந்தச் சிறை என்று சொல்ல வேண்டாம். உள்ளே என்ன நடக்கும் என்பதை வெளியில் பேசுகிறவர்கள் பார்த்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குள் லாக்கப். தலை எண்ணிக் கணக்கு ஒப்பித்துப் பூட்டிவிட்டால் மறுநாள் காலை வரை கதவு திறக்காது. அதனால் ராத்திரிச் சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே தட்டில் வாங்கிக்கொள்வார்கள். பசிக்கும்போது ஆறிப்போயிருக்கும். பிளாக்குக்குள் ஒரு மூலையில் கக்கூஸ், இடுப்பளவு சுவர். அதற்குப் பக்கத்தில் படுக்க இடம் கிடைப்பவன் புதிதாக வந்தவன், கேட்க நாதியில்லாதவன். ஃபேனுக்கு நேர் கீழே படுப்பவன் யார் என்று பார்த்தால் அந்த பிளாக்கில் யார் பெரிய ஆள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மே மாத ராத்திரி ஒன்றில் கரண்ட் போய் வரவே இல்லை. அறுபது பேர் ஒரே கூரைக்குக் கீழே. முதலில் ஒருவன் தட்டால் கம்பியைத் தட்டினான். பத்து நிமிஷத்தில் எல்லா பிளாக்கும் தட்டியது. வெளியே நாங்கள் ஆறு பேர்தான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் விடிகிறவரை சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. கோட்டையூர்த் தம்பி கேட்டாரே, ஃபேன் எதற்கு என்று. வார்டருக்காகவும்தான் தம்பி. பிடுங்கிக்கொள்ள ஒன்றுமே இல்லாதவனை நான் எதைச் சொல்லி அடக்குவேன்? வீட்டார் வந்து பார்ப்பதை உள்ளே மனு என்போம். "அடுத்த வாரம் மனு கிடையாது" என்றால் பெரிய ரவுடியும் அடங்குவான், ஏனென்றால் மனுவில் மகளைப் பார்க்கலாம். எதுவும் இல்லாத இடத்தில் லத்திதான் மிச்சம், லத்தியை எடுத்தவன் ஒரு நாள் சங்கடத்தில் மாட்டுவான்.

இன்னொன்று. சொகுசு இரண்டு வகை. விதியில் இருப்பது ஒன்று, விலைக்கு வாங்குவது ஒன்று. மக்களுக்குக் கோபம் வருவது இரண்டாவதைப் பார்த்து, வெட்டுவது முதலாவதை.

கோட்டையூர்க்காரன்
மாலை 4.10

ஐயா, கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். பெங்களூரு பரப்பன அக்ரஹாராவில் 2017-ல் எழுந்த சலுகைப் புகார், அதே சிறையில் 2024-ல் கொலை வழக்கில் இருந்த நடிகர் நாற்காலி போட்டு சிகரெட்டோடு உட்கார்ந்திருந்த படம், இதையெல்லாம் பார்த்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு. நம் ஊரிலும் முதல் வகுப்பு என்று ஒன்று இருக்கிறதாமே?

தேவகோட்டை வக்கீல்
மாலை 6.20

இருக்கிறது. படிப்பு, சமூக அந்தஸ்து, பழகிய வாழ்க்கை முறை பார்த்துக் கொடுப்பது. கட்டில், மேசை, நாற்காலி. வெள்ளைக்காரன் ஏற்படுத்திய பிரிவினை. 1908-ல் தண்டனை பெற்ற வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்களே, அன்றைக்கு இருந்த 1894-ஆம் வருஷச் சிறைச் சட்டம்தான் இன்றும் நமக்கு அடித்தளம். பட்டதாரிக்குக் கட்டில், கல் போடும் தொழிலாளிக்குச் சொறி என்பதை என்னால் எந்த மேடையிலும் நியாயப்படுத்த முடியாது. சாதி பார்த்து வேலை பிரிப்பதே 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றத்தால் செல்லாது என்று ஆனது. அதுவரை பல மாநிலச் சிறைக் கையேடுகளில் கூட்டுவதற்கு ஒரு சாதி, சமைப்பதற்கு ஒரு சாதி என்று அச்சிலேயே இருந்தது.

கோட்டையூர்த் தம்பியின் "பூக்கார அக்கா" கேள்விக்கு என் பதில்: அக்காவுக்கு வியர்த்தால் வாசலில் வந்து படுக்கலாம், தண்ணீர் மோந்து ஊற்றிக்கொள்ளலாம். பூட்டி வைத்தவருக்கு அந்த வழி இல்லை. பூட்டுச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பொறுப்பு. 1978-ல் சுனில் பத்ரா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சிறைக் கதவோடு அடிப்படை உரிமை முடிந்துவிடாது என்று தீர்ப்புச் சொன்னதன் சாரமும் இதுதான்.

சிராங்கூன் ரோடு
இரவு 8.45

பள்ளத்தூர்க்காரன், வேலை சிங்கப்பூரில். இங்கே சிறையில் கட்டில் கிடையாது, தரையில் பாய்தான். ஒழுங்கு கடுமை, பிரம்படியும் உண்டு. அதே சமயம் நார்வேயில் 2010-ல் திறந்த ஹால்டன் சிறையைப் பார்த்தால் தனி அறை, டிவி, ஜன்னலில் கம்பி கிடையாது. நம் டீக்கடைக் கணக்குப்படி இரண்டில் ஒன்று தோற்றிருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாட்டிலும் வெளியே வந்த இரண்டு வருஷத்துக்குள் மறுபடி மாட்டுகிறவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். கணக்கெடுக்கும் முறை இரண்டு நாட்டுக்கும் ஒன்றில்லை, அதனால் தராசில் வைத்து நிறுக்க முடியாது. ஆனாலும் எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

மெத்தையும் பாயும் வேறு, பொதுவாக இருப்பது என்ன என்று பார்த்தேன். விடுதலைக்கு முன்னாலிருந்தே வேலைக்கு ஏற்பாடு. இங்கே 2004-லிருந்து மஞ்சள் ரிப்பன் திட்டம் என்று நடத்துகிறார்கள், வெளியே வருபவரை வேலைக்கு எடுங்கள் என்று ஊரையே கேட்கிறார்கள். எங்கள் கிடங்கில் அப்படி வந்த ஒருவர் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார், தமிழர்தான். பாயில் படுத்தது பற்றி ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை. முதல் சம்பளம் வாங்கிய தேதியை மட்டும் சொல்லுவார்.

பள்ளத்தூர் டீச்சர்
புதன், காலை 6.30

நல்ல பேச்சு. பெண் கைதிகளை மறந்துவிட்டோமே. ஆறு வயது வரை பிள்ளையை அம்மாவோடு உள்ளே வைத்துக்கொள்ளலாம், 2006-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிமுறையே கொடுத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் முட்டையும் இந்தக் "கைதிச் சாப்பாடு" வாட்ஸாப்பில் சேர்த்தியா?

நம் பக்கத்திலேயே பார்த்த ஒன்று. சிவகங்கை காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறதல்லவா, நன்னடத்தை பார்த்து அனுப்பப்படும் தண்டனைக் கைதிகள் விவசாயம் செய்யும் இடம். அவர்கள் விளைவித்த கத்தரிக்காயை நான் வாங்கியிருக்கிறேன். எடை போட்டுக் கொடுத்தவர் கையெல்லாம் மண். காயை ஒவ்வொன்றாகத் திருப்பி, புழுத் துளை இருந்த இரண்டை எடுத்துத் தனியே வைத்துவிட்டு வேறு போட்டார். கடைவீதியில் எனக்கு அப்படி யாரும் பொறுக்கிக் கொடுத்ததில்லை. அவர் என்ன செய்துவிட்டு உள்ளே வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் காயை வாங்கியிருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை.

புதுவயல்
காலை 7.15

டீச்சர், நம் பக்கத்து ஆட்களுக்கு ஜெயில் அந்நியமே இல்லை. 1942 ஆகஸ்டில் சுதந்திரப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையைத் திருவாடானைச் சிறையில் வைத்தபோது ஊர் ஜனம் திரண்டு போய்ச் சிறையையே உடைத்து வெளியே கொண்டுவந்தது. எங்கள் ஐயா அந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அது தியாகிக்காக உடைத்த சிறை. ஆயாவின் காதைக் கிழித்தவனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கண்டனூர் பேத்தி
காலை 10.20

ராத்திரி எல்லாவற்றையும் படித்தேன். பழைய காக்கி ஐயா, நீங்கள் எழுதியது எனக்குப் புரிந்தது. கக்கூஸ் பக்கம் படுக்கிறவன் நாதியில்லாதவன் என்றீர்களே, ஆத்தங்குடி அண்ணன் வீட்டுத் தம்பி அங்கேதான் படுத்திருப்பான் என்று தோன்றியது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் தலைவன் மாதிரி இருந்தவன் ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பான். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். டிவி வேண்டாம் என்றுதான் இன்றும் சொல்வேன். அவர்கள் வேலை செய்யட்டும், டீச்சர் சொன்னதுபோல் மண்ணில் வேலை செய்யட்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்கு வரட்டும். அதை ஏன் யாரும் சட்டமாக்கவில்லை?

தேவகோட்டை வக்கீல்
பகல் 1.40

ஆச்சி, அது இருக்கிறது. யாரும் உங்களிடம் சொல்லாததுதான் குற்றம். கைதிகளுக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே, குஜராத் வழக்கு ஒன்றில், சொல்லிவிட்டது. தமிழ்நாட்டிலும் சிறைக்கூலியில் பிடித்தம் செய்து பாதிக்கப்பட்டவர் நிதிக்கு அனுப்புகிறார்கள். சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க், பேக்கரி பார்த்திருப்பீர்கள், அங்கே வேலை பார்ப்பவர் கூலியும் அந்தக் கணக்கில்தான். கூலி குறைவாக இருந்தால் உங்கள் பங்கும் குறையும். அதனால்தான் நான் கூலியை உயர்த்தச் சொல்கிறேன், கேட்டால் கைதிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார்கள்.

இது தவிர, பாதிக்கப்பட்டவர் இழப்பீடு தனியாகக் கேட்கலாம். பழைய சட்டத்தில் 357ஏ, இப்போது பி.என்.எஸ்.எஸ். 396. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு. ஆயா இல்லை என்றாலும் வாரிசு கேட்க முடியுமா என்று பார்க்க வேண்டும். சம்பவம் நடந்து எவ்வளவு நாளாயிற்று?

கண்டனூர் பேத்தி
பகல் 2.05

ஐந்து வருஷம் ஆகிறது. வழக்கு நடக்கும்போது ஒருவர் கூட இதைச் சொல்லவில்லை சார். பணத்துக்காகக் கேட்கவில்லை. ஆயா பெயரில் ஒரு காகிதமாவது அரசாங்கத்திலிருந்து வர வேண்டும்.

தேவகோட்டை வக்கீல்
பகல் 2.30

எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்து வையுங்கள். தாமதத்துக்குக் காரணம் தனியாக எழுத வேண்டும், அதை நான் எழுதித் தருகிறேன். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை காரைக்குடி கோர்ட்டில் இருப்பேன்.

கோட்டையூர்க்காரன்
மாலை 5.15

ஆச்சி, வெளிநாட்டில் இருந்து வர முடியாவிட்டால் சொல்லுங்கள், காகிதத்தை வாங்கி வக்கீல் சார் கையில் நான் கொடுக்கிறேன். அன்றைக்கு வராந்தாவில் உட்கார நாற்காலி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வருகிறேன். சாட்சிக்கு வரும் வயதானவர்களுக்கு இரண்டு பெஞ்சு போட அனுமதி கேட்கலாம் என்று நினைக்கிறேன், செலவு என்னுடையது.

ஆத்தங்குடிப் பட்டறை
மாலை 6.40

பெஞ்சில் பாதி என் கணக்கு தம்பி. எங்கள் பட்டறைத் தம்பியிடம் சொன்னேன், தூக்கி வைக்க அவன் வருகிறான்.